கல்கோயில் அசனம்

தாராவியில் இசக்கிதுரையின் மெஸ்ஸுக்கு வழி கேட்டால் யாரும் மெஸ்ஸின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். “கல்கோயிலுக்கு எதுத்தாப்ல” என்பார்கள். முப்பது வருஷம் அடுப்படியில் வெந்து பேர் எடுத்தவர் அவர். விலாசம் மட்டும் கோயிலுடையது. முன்பெல்லாம் இது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நாலு வருஷமாக, கேட்டாலே எரிச்சல் வருகிறது.

கல்கோயில் என்பது புராட்டஸ்டன்ட் தேவாலயம். தோல் ஷாப் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள், வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கு இரண்டு கல்லாகச் சுமந்து கட்டியது என்று சபையில் சொல்வார்கள். வாசலில் 1911 என்று வெட்டியிருக்கும். சுற்றிலும் தகரமும் தார்ப்பாயும் மாடிமேல் மாடியாக ஏறிக்கொண்டே போக, நடுவில் அது மட்டும் அசையாமல் நின்றது. அந்தத் தெருவுக்கு முதல் தண்ணீர்க் குழாய் வந்தது அதன் காம்பவுண்டுக்குள்தான். பால்வாடியும் தையல் கிளாஸும் நடந்தது அதன் பின்னறையில்தான். தொண்ணூற்றிரண்டு கலவரத்தின்போது கேட்டைத் திறந்துவிட்டு, வந்தவர் யார் என்று கேட்காமல், பெஞ்சுகளை ஒட்டிப் போட்டுப் படுக்க வைத்தார்கள். இசக்கிதுரையே அந்தக் கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புவரை படித்தவர்தான்.

இதையெல்லாம்விட ஊருக்குக் கல்கோயில் என்றால் அசனம். வருஷம் ஒருமுறை, கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையன்று, வீட்டுக்கு வீடு அரிசி கொண்டுவந்து கொடுக்க, எல்லாவற்றையும் ஒன்றாகப் பொங்கி, கறிக்குழம்போடு தெருவுக்கே பந்தி போடுவார்கள். முதலில் ஊர் சாப்பிட வேண்டும், கடைசியில்தான் சபையார் உட்கார வேண்டும் என்பது இங்கே சட்டம். சபை கிறிஸ்தவர்களுடையது, அசனம் எல்லாருடையது. அந்த அசனத்துக்கு இருபத்திரண்டு வருஷம் தலைமைச் சமையல் யாரென்றால், நெற்றி நிறையத் திருநீறு பூசிய நம்ம இசக்கிதுரைதான். அதை யாரும் விசேஷமாக நினைத்ததே இல்லை. நல்லா சமைக்கிறவன் சமைக்கிறான், அவ்வளவுதான்.

பிறகு வந்தது அந்த ஓலை.

இந்தச் சபையில் கல்யாணம் என்றால், மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மாப்பிள்ளை பெண் பெயரைச் சொல்லி ஓலை வாசிப்பார்கள். தடை சொல்ல நினைப்பவர்கள் சொல்லலாம். கொரோனா ஓய்ந்து கோயில் திறந்திருந்த சமயம். உள்ளே ஆட்களைக் குறைத்து, மிச்சப் பேருக்கு வெளியே ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். இசக்கிதுரை கல்லில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். “தாராவியில் வசிக்கும் வேதமாணிக்கம் குமாரன் ஜெபசிங்குக்கும், தாராவியில் வசிக்கும் இசக்கிதுரை குமாரத்தி கீதாவுக்கும்...” என்று ஸ்பீக்கர் தெரு முழுக்கச் சொன்னது. தோசை கருகியது. மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எட்டுப் பேரும் இலையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, அந்த எட்டுப் பேருக்கும் முன்பே தெரியும்.

நியாயமாகச் சொன்னால் கீதா சொல்லாமல் இல்லை. ஒரு வருஷத்தில் இரண்டு தடவை அப்பாவிடம் பேச வந்தாள். இரண்டு தடவையும் இவர்தான், “எங்கிட்ட அந்தப் பேச்ச எடுக்காத” என்று எழுந்து போனார். காதைப் பொத்திக்கொண்டவனுக்கு ஸ்பீக்கரில்தான் சொல்ல முடியும். ஆனால் இந்த நியாயமெல்லாம் அவருக்கு அப்போது தோன்றவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் ஓலை வாசித்தபோது கடையை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். தடை சொல்லவும் போகவில்லை, வாழ்த்தவும் போகவில்லை. “இனி அந்த கேட்டுக்குள்ள காலு வைக்க மாட்டேன்” என்று மட்டும் மனைவி விஜயலட்சுமியிடம் சொன்னார். சொன்னது கேட்டைப் பற்றித்தான். அதோடு மகளும் போய்விட்டாள். கீதா டோம்பிவிலியில் குடித்தனம் வைத்து, ஷாரன் என்று ஒரு பெண்குழந்தையும் பெற்று, குழந்தைக்கு இரண்டரை வயதும் ஆகிவிட்டது. விஜயலட்சுமி மாதம் ஒருமுறை ‘குர்லாவில் சித்தி வீடு’ என்று சொல்லிவிட்டு டோம்பிவிலி ரயில் ஏறுவாள். குர்லாவில் சித்தி யாரும் கிடையாது என்று இசக்கிதுரைக்கு நன்றாகத் தெரியும். கேட்டால் அவள் போகாமல் இருந்துவிடுவாளோ என்று பயந்து கேட்க மாட்டார்.

கொரோனாவில் நின்ற அசனம் நின்றதுதான். சபையில் பாதிப்பேர் கோவண்டிக்கும் டோம்பிவிலிக்கும் வீடு மாறிப் போயிருந்தார்கள். இந்த வருஷம் கதவுகளில் நம்பர் எழுதிப் போகும் சர்வேக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். இடித்துக் கட்டப்போகிறார்கள், யார் எங்கே போவோம் என்று தெரியாது என்ற பேச்சு கிளம்பியதும், “எல்லாரும் இருக்கும்போதே ஒரு தடவ சேந்து சாப்பிட்டுருவோம்” என்று சபை முடிவு செய்தது. அசனக் கமிட்டிக்குச் செயலாளர் ஜெபசிங். ஆபீஸில் கம்ப்யூட்டர் முன் உட்காரும் பையன். எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகப் போட்டு வாட்ஸப்பில் அனுப்புவான்.

போதகர் தேவஇரக்கம், சபையார் வாயில் ஐயர், அசனத்துக்கு முந்தின வாரம் மெஸ்ஸுக்கே நேரில் வந்தார்.

“துரை, நீங்க வந்து நின்னாப் போதும். கரண்டிகூடப் பிடிக்க வேண்டாம்.”

“ஐயரே, டீ குடிங்க. வட சூடா இருக்கு. அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம்.”

“உங்க மக வருவா, துரை. பிள்ளையக் கூட்டிட்டு.”

“வடைக்குச் சட்னி போடவா?” என்றார் இசக்கிதுரை.

ஐயர் வடையைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். சமையலுக்குக் கோவண்டியிலிருந்து மாரீஸ்வரன் என்ற ஆளைப் பேசினார்கள். பிரியாணி போடுவதில் கெட்டிக்காரன். அசனம் அவனுக்குப் புதிது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இசக்கிதுரை மெஸ்ஸுக்கு மேலே உள்ள தன் ஒற்றை அறைக் கோலியின் ஜன்னலில் நின்றார். வேடிக்கை பார்க்க இல்லை, பல் தேய்க்க என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அரைமணி நேரமாக அதே பல்லைத்தான் தேய்த்தார். கோயில் காம்பவுண்டு அப்படியே கண்ணுக்கு நேரே தெரிந்தது. மரத்தடியில் பத்துப் பதினைந்து பெண்கள் காய் அரிந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒரு பச்சைச் சேலை. முகம் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை, உட்கார்ந்திருக்கும் வாகே போதும். மகள் இளைத்துப்போயிருந்தாள். பக்கத்தில் ஒரு பொடிசு கத்தரிக்காய்க் காம்புகளை வரிசையாக அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. இசக்கிதுரைக்குத் தொண்டையில் பேஸ்ட் இறங்கிப் புரை ஏறியது.

அப்போதுதான் தார்ப்பாயைப் பார்த்தார்.

காம்பவுண்டு நடுவில் நீலத் தார்ப்பாய் விரித்து, வரிசையில் வந்தவர்கள் அரிசியை அதில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெபசிங் ஒரு அட்டையில் டிக் போட்டுக்கொண்டு நின்றான். ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டபடியே செய்திருந்தான், பாவம். ஊரில் அசன அரிசி அப்படித்தான் குவியும், எல்லார் வயலிலும் ஒரே நெல்லாக இருந்த காலத்தில். இங்கே எல்லார் வீட்டிலும் ஒரே அரிசியா இருக்கிறது? ஒருத்தி கோலம் என்று இங்கே கடையில் விற்கும் பச்சரிசியைக் கொட்டினாள். அடுத்தவர் ரேஷன் அரிசி. பக்கத்துச் சந்தில் பர்ஸ் தைக்கும் ருக்சானா, அசனம் என்றதும் ஆசையாக முழுசாக இரண்டு கிலோ பாஸ்மதி வாங்கிவந்து கொட்டினாள். யாரோ இட்லி அரிசியைக் கொண்டுவந்திருந்தார்கள்.

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இசக்கிதுரைக்கு உள்ளே குளிர்ந்தது. நல்லா வேணும் என்று நினைத்தார். கட்டம் போட்டாம்லா, கட்டம்! பாஸ்மதி பத்து நிமிஷத்தில் வெந்துவிடும். கோலம் இருபது நிமிஷத்தில் கூழாகி அடிபிடிக்கும். புழுங்கல் அப்போதுதான் கண்ணே முழிக்கும். அண்டாவின் அடியில் தீய்ந்த கஞ்சி, மேலே நறுக்நறுக்கென்று கல்லாட்டம் அரிசி. எண்ணூறு பேர் இலையில் உட்கார்ந்து மாப்பிள்ளை பேரைச் சொல்லிச் சிரிக்கட்டும்.

அந்தச் சமயத்தில் விஜயலட்சுமி தூக்குவாளியோடு கேட்டுக்குள் நுழைந்தாள். அவர்கள் வீட்டுப் புழுங்கல். திருநெல்வேலியிலிருந்து பார்சலில் வரவழைத்து அவர் சொந்தச் சாப்பாட்டுக்கு வைத்திருப்பது. அவள் வாளியைத் தார்ப்பாய் மேல் சாய்த்தாள்.

“ஏட்டீ! கொட்டாதட்டீ!” என்று ஜன்னலிலிருந்து கத்தினார். ஆராதனைக்கு முன்னால் பாட்டுப் போட்டிருந்தார்கள். ஒருத்தர் காதிலும் விழவில்லை. அவள் கொட்டிவிட்டு வாளியைத் தட்டவும் செய்தாள்.

அதன் பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் இசக்கிதுரைக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஏணி இறங்கியது நினைவில்லை. வாயில் பேஸ்ட் நுரையும் கையில் பிரஷ்ஷுமாக, பனியனும் லுங்கியுமாக ரோட்டைக் கடந்தார். கேட்டைத் தாண்டி, தார்ப்பாய்க்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

“நிறுத்துங்கல! ஒரு மணி விழக்கூடாது! எவம்ல இத ஒண்ணாக் கொட்டச் சொன்னது?”

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். காம்பவுண்டே திரும்பிப் பார்த்தது. மரத்தடியில் அரிவாள்மணைகள் நின்றன. இசக்கிதுரை குனிந்து ஒரு பிடி அரிசியை அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். நாலு ஜாதி அரிசி. அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கே உறைத்தது. காலைப் பார்த்தார். செருப்புகூட இல்லாமல் வந்திருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டைப் பார்த்தார். கேட்டில் வாளியோடு விஜயலட்சுமி நின்றாள். வழி விடுகிற மாதிரி நிற்கவில்லை.

ஜெபசிங் ஓடிவந்தான். “மாமா, வீட்டுக்கு ஒரு கிலோன்னு மெசேஜ் போட்டேன்... என்ன அரிசின்னு போட விட்டுப்போச்சு.” பேயறைந்தவன்போல் முகம் வெளுத்திருந்தது.

இசக்கிதுரை அவனைப் பார்க்காமல், பின்னால் கறி வெட்டிக்கொண்டிருந்துவிட்டு இப்போதுதான் வந்து தலையில் கை வைத்து நின்ற மாரீஸ்வரனிடம் திரும்பினார். “மாரி, அந்தச் செக்ரட்டரிகிட்டச் சொல்லு. வரிசையில நிக்கிறவங்கள ரெண்டாப் பிரிக்கச் சொல்லு. புழுங்கல் அந்தப் பக்கம், பச்சரிசி இந்தப் பக்கம்.”

செக்ரட்டரி ஒரு முழம் தள்ளித்தான் நின்றான். மாரீஸ்வரன் அவனைப் பார்த்து, “புழுங்கல் அந்தப் பக்கமாம்” என்றான்.

“கேட்டுச்சு,” என்றான் ஜெபசிங்.

கொட்டாத அரிசி தப்பித்தது. அது பாதிப் பேருக்குக்கூடக் காணாது. தார்ப்பாயில் கிடந்தது அறுபது கிலோவுக்கு மேல். அதைப் பிரிக்கச் சுளகோடு ஐம்பது பெண்கள் உட்கார்ந்தாலும் நாளைக்குத்தான் முடியும். புதிதாக வாங்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். ஐயர் வேண்டாம் என்று தலையசைத்தார். “வீடுவீடாத் தந்தது. அதத் தள்ளி வச்சிட்டு வாங்கிப் போட்டா அது ஹோட்டல் சாப்பாடு, அசனம் இல்ல.”

இசக்கிதுரை அரிசியை விரலால் கிளறிக்கொண்டே மரத்தடியைப் பார்த்தார். சாம்பாருக்கு அரிந்து வைத்த கத்தரிக்காயும் முருங்கைக்காயும் மாங்காயும் குன்றாகக் கிடந்தன. துவரம்பருப்பு மூட்டை பக்கத்திலேயே இருந்தது.

“சாம்பார் கிடையாது. கூட்டாஞ்சோறு,” என்றார்.

சபை மூப்பர் ஒருவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நூறு வருஷத்துக்கு மேல அசனத்துக்கு வெள்ளச் சோறும் கறியும்தான். கூட்டாஞ்சோறு எங்க உண்டு?”

“வெள்ளச் சோறுன்னா பருக்க பருக்கையா நிக்கணும். இந்த அரிசி நிக்காது. கூட்டாஞ்சோறு குழையணும், அதான் அதுக்கு அழகு. பருப்போட காயோட சேத்துக் குழைய விட்டா, எது கோலம் எது புழுங்கல்னு ஆண்டவருக்குத்தான் தெரியும். தனியா இருக்கிறதுல வெள்ளச் சோறும் ஒரு அண்டா வடிக்கேன். வேணுங்கிறவுக அத வாங்கிக்கிடட்டும்.”

மூப்பர் ஐயரைப் பார்த்தார். ஐயர் தன் வெள்ளை அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். “துரை, அடுப்பு எத்தன வேணும்?”

ஆராதனை உள்ளே நடந்தது. சமையல் வெளியே நடந்தது. கலந்த அரிசியைக் களைந்து வெந்நீரில் ஒன்றரை மணி நேரம் ஊறப்போட்டார், புழுங்கலும் மற்றதோடு சேர்ந்து இளகட்டும் என்று. தேங்காயும் சீரகமும் மிளகாயும் அரைக்க ருக்சானா தன் சந்திலிருந்து மூன்று மிக்ஸியைத் திரட்டிக்கொண்டுவந்தாள். “சாச்சா, என்னோட பாஸ்மதியும் இதுலதானா?” என்று ஒருமுறை வருத்தமாகக் கேட்டாள். “அதாம்மா வாசன தரப்போகுது,” என்றார். பாதி பொய்தான், ஆனால் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு மாரீஸ்வரன் அண்டாப் பக்கம் வந்தபோது ஒரு அதட்டல் போட்டார். அரிசியும் பருப்பும் வேகுமுன் புளி விழுந்தால் எதுவும் வேகாது, விறைத்துப்போகும். எல்லாம் குழைந்த பிறகே ஊற்ற வேண்டும். ஒவ்வொரு அண்டாவையும் சுற்றிவந்து, துடுப்பில் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். ஜெபசிங்குக்கு வேண்டிய உத்தரவெல்லாம் மாரீஸ்வரன் வழியாகத்தான் போனது. விறகு, தண்ணீர், உப்பு எல்லாம் அந்த ரூட்டில்தான்.

பத்தரை மணி இருக்கும். மூன்றாவது அண்டா அடிபிடிக்கிற வாசனை லேசாக வந்தது. மாரீஸ்வரன் கறிக் குழம்பில் இருந்தான். “ஏல ஜெபசிங்கு! பாத்துக்கிட்டா நிக்க? விறக இழுல! அந்தப் பக்கம் பிடி!” என்று இசக்கிதுரை கத்தினார். ஜெபசிங் பாய்ந்துவந்து எரிகிற கட்டையை வெறுங்கையோடு இழுத்தான். இருவருமாக அண்டாவைச் சாய்த்துப் பிடித்து மேல்சோற்றை வேறு அண்டாவுக்கு மாற்றினார்கள். வேலை முடிந்து நிமிர்ந்தபோது மரத்தடியில் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று இசக்கிதுரைக்கு விளங்கவில்லை. ஜெபசிங்குக்கு விளங்கியது. கட்டை சுட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

“கையக் காட்டு,” என்றார் இசக்கிதுரை. “போயி பச்சத் தண்ணில வையி. கூறுகெட்ட பய.”

பன்னிரண்டரைக்கு ஆராதனை முடிந்து மணி அடித்தார்கள். ஐயர் அண்டாக்களுக்கு முன்னால் நின்று ஜெபித்தார். முதல் பந்தியில் தெரு உட்கார்ந்தது. பேக்கரிக்காரர்கள், தோல் கடைக்காரர்கள், பிள்ளையார் மண்டல்காரர்கள், மசூதிச் சந்திலிருந்து ருக்சானாவின் வீட்டார் பன்னிரண்டு பேர். வெள்ளைச் சோறு வடித்தது அப்படியே இருக்க, எல்லாரும் கூட்டாஞ்சோற்றையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதன் மேல் கறிக்குழம்பை ஊற்றிச் சாப்பிட்ட மூப்பர், “இது தப்பாத்தான் இருக்கு, ஆனா இன்னும் கொஞ்சம் போடு” என்றார். இசக்கிதுரை அடுப்பை விட்டு நகரவில்லை. பந்திப் பக்கம் போவது அவருக்குப் பழக்கமில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் அவர் யாருக்கும் பரிமாறியதில்லை.

பந்தி பந்தியாகப் போய், மூன்று மணிக்குச் சபையாரின் முறை வந்தது. கடைசிப் பந்தி. அண்டாவில் அடிச்சோறு கொஞ்சம்தான் கிடந்தது. பச்சைச் சேலை நடு வரிசையில், மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடவில்லை என்று இசக்கிதுரைக்குத் தெரியும். நாள் முழுக்க அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதானே எல்லாரும் நினைத்தார்கள்.

அவர் அடிச்சோற்றை வழித்து வாளியில் போட்டுக்கொண்டார். பரிமாறப்போன ஆளின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். வரிசையின் முதல் இலையிலிருந்து ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டுவந்தார், ஆளுக்கு ஒரு கரண்டி. பதினோராவது இலையில் கால் நின்றுவிட்டது.

கீதா நிமிர்ந்து பார்க்கவில்லை. இலையைப் பார்த்தபடி இருந்தாள். அவர் ஒரு கரண்டி வைத்தார். இன்னொன்று வைத்தார். மூன்றாவதுக்கு அவள் இலைக்கு மேல் கையை மறித்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு அவளிடமிருந்து வந்த முதல் வார்த்தை மெல்லத்தான் வந்தது.

“போதும்ப்பா.”

இசக்கிதுரைக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை, ஒன்றில் வாளி, ஒன்றில் கரண்டி. அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். மடியிலிருந்த பொடிசு அவரையும் வாளியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அம்மாவின் கையைத் தள்ளி இலையைத் தட்டிக் காட்டியது.

“இவளுக்குப் போதாதாம்லா,” என்று அவர் கரண்டியை நீட்டினார். கீதா கையை எடுத்தாள். அழுதுகொண்டே ஒரு வாய் பிசைந்து பிள்ளைக்கு ஊட்டினாள், அடுத்த வாயைத் தான் உண்டாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வரிசையின் கடைசியில் சலசலப்பு எழுந்தது. டோம்பிவிலிக்காரர்களுக்கு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “மாமா, இங்க சோறு வரல! வாளி அங்கேயே நின்னுபோச்சு!” என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

“இருங்கல, வாரேன்!” என்று இசக்கிதுரை திரும்பிப் பார்க்காமலே, காம்பவுண்டு முழுக்கக் கேட்கும்படி அதட்டினார். “எம் மவ சாப்புடுதா, கண்ணு தெரியல?”

வரிசை காத்திருந்தது.